துணியில் வந்த பச்சை

ராஜாத்தி,

சாப்பாடு அடுப்படியில் மூடி இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு இதைப் படி.

கார் கதவைக் காலையில் கழுவி, கீறல்மேல் பாலிஷ் பசை தொட்டு மெல்லத் தேய்த்தேன். மேலோட்டமான கீறல்தான், பாதி போய்விட்டது. ஆனால் துணியில் பச்சை பெயிண்ட் ஒட்டியிருக்கிறது. எதிர்வீட்டுத் தையற்காரரின் ஸ்கூட்டர் சிவப்பு. பச்சை, நம் வீட்டு கேட். போய்ப் பார்த்தேன். அதே உயரத்தில் கேட்டிலும் பெயிண்ட் உரிந்திருக்கிறது.

நான் வெளியூரிலிருந்து திரும்பியதே நேற்றுதான். அதுவரை கார் சாவி உன்னிடம் இருந்தது.

ஸ்கூட்டரால் உரசிவிட்டார் என்று நேற்று அவரைத் தெருவில் நிற்கவைத்து நான் கத்தியபோது, "விடுங்க, சின்னக் கோடுதானே, போனா போகுது" என்றாயே. இரக்கம் என்று நினைத்தேன். இப்போது பயமோ என்று தோன்றுகிறது. "சத்தியமா நான் இல்ல சார்" என்று கும்பிட்டாரே, அந்த முகம் இன்று பிரார்த்தனையிலும் வந்து நின்றது.

மீதியை நீ தேய்க்காதே. பாத்திர நாரை வைத்தால் கீறல் கூடிவிடும்.

பி.கு.: காருக்காக எனக்கு ஒரு கோபமும் இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் வீட்டுக்குப் போகிறேன். கத்தியதற்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். உண்மையைச் சொல்லாமல் நின்றதற்கு மன்னிப்புக் கேட்க நீயும் வருகிறாயா?