திறக்காத பக்கத்தைப் படித்தவள்

செப்டம்பர் 3, புதன்

போதும், பேசாமல் இருந்தது. பேசினால் ‘வயசான வாத்தியாருக்குப் பொறாமை’ என்பார்கள் என்று இத்தனை நாள் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். வீட்டில் மனைவியிடம் சொல்ல ஆரம்பித்தால் இவள் டிவி சத்தத்தைக் கூட்டுகிறாள். இந்த நோட்டு எதையும் கூட்டாது.

வாசிப்பு நிபுணர் பட்டம் இல்லாதவர்களுக்கு அடுத்த ஆண்டு முதல் தொடக்க வகுப்புகள் கிடையாது என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். ஆகவே பகலெல்லாம் பாடம் நடத்திவிட்டு, மாலையில் அந்தப் பட்டத்துக்காகக் கல்லூரியில் முட்டி இடிக்கும் பெஞ்சில் உட்கார்ந்து பாடம் கேட்கிறேன். நடத்துகிறவர் யார்? ஒரு காலத்தில் என் வகுப்பின் கடைசியில் உட்கார்ந்து நான் நடத்துவதைக் குறிப்பெடுத்த பயிற்சி ஆசிரியை. இப்போது பேராசிரியை. நான் அட்டை வெட்டி எழுத்துக் கூட்டச் சொல்லித்தந்ததெல்லாம் அம்மையாரின் ஆய்வேட்டில் அச்சாகியிருக்கிறது. நன்றியுரையில் அவர் வீட்டு நாய்க்குக்கூட இடம் இருந்தது. எனக்கு இல்லை.

இன்று வகுப்பில், “சார், இங்க நீங்க ஸ்டூடண்ட். பழசெல்லாம் வாசல்லயே கழட்டி வெச்சுட்டு வாங்க” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுதான் எரிகிறது.

செப்டம்பர் 10, புதன்

கண்ணாடி அறை தொடங்கியது. ஆளுக்கு ஒரு குழந்தை. படிக்கத் திணறுகிற குழந்தை. பருவம் முழுக்க அதற்குப் படிக்கச் சொல்லித்தர வேண்டும். ஒருவர் உள்ளே நடத்தும்போது மற்றவர்கள் கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்து கவனித்து, அங்கேயே விமர்சிப்பார்கள். அவர்களுக்கு நாம் பேசுவது கேட்கும். அவர்கள் பேசுவது நமக்குக் கேட்காது. உள்ளேயிருந்து பார்த்தால் அது வெறும் முகம் பார்க்கும் கண்ணாடி. நரைத்த தலையோடு ஒருவன் என்னையே முறைத்துக்கொண்டிருந்தான்.

எனக்கு வந்தவள் எட்டு வயதுச் சிறுமி. அம்மா சலவைக் கடையில் துணி தேய்க்கிறார். வந்து உட்கார்ந்ததும், “சார், உங்க மூக்குல முடி இருக்கு” என்றாள். வாயாடி என்று பெயர் வைத்துவிட்டேன். அவளுக்கும் பிடித்திருக்கிறது.

மூன்று எழுத்து சேர்ந்தால் நின்றுவிடுகிறாள். ‘வாத்து’ என்று எழுதியிருக்கிறது. படத்தைப் பார்த்து ‘கோழி’ என்கிறாள். படத்தைக் கையால் மறைத்தேன்.

“கைய எடுங்க சார்! அப்பதான படிக்க முடியும்?”

முடிந்ததும் அம்மையாரின் தீர்ப்பு: படத்தை மறைத்தது “கொஞ்சம் முரட்டுத்தனம்”.

செப்டம்பர் 11

முரட்டுத்தனமாம்.

அக்டோபர் 7, செவ்வாய்

பருவ முடிவில் குழந்தைக்கு ஒரு சோதனை. குழந்தை தேறினால் நமக்கும் தேர்ச்சி. தேறாவிட்டால் நாமும் அடுத்த பருவம் மறுபடி முதலிலிருந்து. தேறிய குழந்தைக்கு அதன் பள்ளியில் தினமும் தருகிற தனி வாசிப்பு வகுப்பு நின்றுவிடும்; அதான் படிக்கத் தெரிந்துவிட்டதே. இதுவரை சரி. ஆனால் சோதனை எந்தப் புத்தகத்தில்? வகுப்பில் பல தடவை படித்துப் பழகிய புத்தகத்திலேயே.

கை தூக்கினேன். “தெரிஞ்ச புக்க வெச்சு சோதிச்சா மனப்பாடம்தானே தெரியும்?”

“குழந்தைக்கு நம்பிக்கை வரணும் சார். உங்க காலத்துப் பரீட்சை இல்ல இது.”

என் காலம்! எனக்கும் அவருக்கும் பத்து வயது வித்தியாசம்.

தேநீர் இடைவேளையில், எதற்கெடுத்தாலும் சிரிக்கிற பக்கத்து இருக்கை டீச்சர் வந்தார். “ஏன் சார் உங்களுக்கு இந்த வேல? எல்லாப் புள்ளையும் பாஸு, எல்லாருக்கும் டிகிரி, டிபார்ட்மெண்டுக்கு நல்ல பேரு. யாருக்கு நஷ்டம் சொல்லுங்க?”

சொல்லத் தெரிந்திருந்தது. சொல்ல அலுப்பாக இருந்தது.

அக்டோபர் 22, புதன்

இன்று வெளியே யாரும் இல்லை. படத்தின் மேல் ஒரு தாளை வைத்து மூடினேன். வாயாடி முனகினாள், நெளிந்தாள், தண்ணீர் கேட்டாள். பிறகு விரலை வைத்தாள். “பா... னை. பானை.” தாளைத் தூக்கிப் பார்த்தாள். பானை! “சார், நான் சொல்லல சார்! அதுவா சொல்லுது!”

ஒரு சொல்தான். ஆனால் அது படிப்பு. இந்த வேகத்தில் போனால் இன்னும் ஓராண்டு வேண்டும். கிடைத்தால் நிச்சயம் படித்துவிடுவாள். தனி வகுப்பு நின்றால்? நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில் யார் அவள் விரலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்?

நவம்பர் 5

இடுப்பு வலி. அதற்கும் அம்மையாருக்கும் சம்பந்தமில்லை என்கிறாள் இவள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

நவம்பர் 12, புதன்

சோதனை முடிந்தது.

புத்தகம், தொப்பியைத் தொலைத்த கரடி. அது ஒவ்வொரு பிராணியாகப் போய் விசாரிக்கும். வாயாடி புது ரிப்பன் கட்டி வந்திருந்தாள். உள்ளே நுழைந்ததிலிருந்து கண் கண்ணாடியில்தான். தலையை இந்தப் பக்கம் சாய்ப்பதும் அந்தப் பக்கம் சாய்ப்பதுமாக. நான் பக்கம் திருப்ப, அவள் விரலை ஓட்டிக்கொண்டே படித்தாள். தங்கு தடையில்லாமல், குரலை ஏற்றி இறக்கி.

நடுவில் இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டு சேர்ந்தே புரண்டுவிட்டன. வாத்து போய் ஆமை வந்துவிட்டது. சரி செய்வதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள். ஆமையின் கீழே விரல் ஓடுகிறது, வாய், “வாத்தே வாத்தே, என் தொப்பியைப் பார்த்தாயா?” என்கிறது. வாத்துப் பக்கம் திறக்கவே இல்லை. முழுப் பக்கத்தையும் படித்தாள், ஒரு சொல் பிசகாமல். ரிப்பனைப் பார்த்துக்கொண்டே.

வெளியே இருப்பவர்களுக்கு அவள் முகம் தெரியும். புத்தகம் தெரியாது.

கதவு திறந்தது. கைதட்டல். அம்மையார் எல்லோர் முன்னிலும், “சார்கிட்ட நாம கத்துக்க வேண்டியது நிறைய இருக்கு. நான் கத்துக்கிட்டிருக்கேன்” என்றார்.

எத்தனை வருடம் காத்திருந்த வார்த்தை! வாயைத் திறந்தால் அது போய்விடும். திறக்கவில்லை.

நவம்பர் 13, வியாழன்

தூக்கமில்லை. மாலை நேரே அம்மையார் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன்.

“தாள் ஒட்டிக்கிட்டா அது புக்கோட தப்பு சார். குழந்தையோட தப்பா?”

“தப்புன்னு யாரு சொன்னா? அவளுக்குப் படிக்கத் தெரியல. அவ்வளவுதான்.”

“ரிசல்ட் போட்டாச்சு. உங்களுக்கு நல்லது நடந்தாலும் பிடிக்காதா?”

வெளியே பேருந்து நிறுத்தத்தில் வாயாடியின் அம்மா. என்னைப் பார்த்ததும் ஓடி வந்தார். “சார், இனிமே தனி கிளாஸ் வேணாம்னு எழுதியே குடுத்துட்டாங்க! கடையில எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். நாளைக்கே உங்க சட்டையெல்லாம் கொண்டாங்க, நான் தேச்சுத் தர்றேன். காசு கீசுன்னு பேசக்கூடாது.”

வாயாடி அம்மாவின் பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதிரே வந்த பேருந்தின் பலகையைக் காட்டி அம்மா கேட்டார்: “எங்க, இந்த பஸ் எங்க போகுதுன்னு சாருக்குப் படிச்சுக் காட்டு.”

அவள் பலகையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். மூக்கு முடிக்கெல்லாம் பேசுகிற வாய். ஒரு வார்த்தை வரவில்லை.

“கூச்சப்படறா” என்றேன் அம்மாவிடம். இது இரண்டாவது பொய். நேற்று வாயைத் திறக்காதது முதலாவது.

நவம்பர் 16, ஞாயிறு

தேர்வு அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். மூன்று பக்கம். எழுத எழுதக் கை சூடாகிவிட்டது. ஆய்வேடு, அட்டைகள், வாசலில் கழற்றி வைக்கச் சொன்னது, எதையும் விடவில்லை. நல்ல நடை. இவளிடம் படிக்கக் கொடுத்தேன்.

டிவியை அணைத்துவிட்டுப் படித்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அந்தப் பொண்ணு எங்கங்க?”

“கடைசியில வர்றா பாரு.”

“கடைசிப் பக்கத்துல, அடியில, நாலு வரி. மீதியெல்லாம் அந்த அம்மாவத் திட்டுறது. திட்டணும்னா திட்டுங்க, நான் வேணாங்கல. ஆனா அதுக்கு எதுக்கு அந்தப் புள்ளைய இழுக்கறீங்க?”

இவளோடு பேசுவதற்குச் சுவரோடு பேசலாம். சுவர் பதில் சொல்லாது.

நவம்பர் 17, திங்கள்

முதல் இரண்டு பக்கங்களைக் கிழித்துப் போட்டேன். வலித்தது. பொய் ஒன்றுமில்லை அதில், அத்தனையும் உண்மை. இருந்தாலும்.

மீதியைத் திருத்தி எழுதினேன். அரைப் பக்கம் வந்தது. தாள்கள் ஒட்டிக்கொண்டது, அவள் திறக்காத பக்கத்தைச் சொன்னது, நான் பார்த்தும் பேசாமல் இருந்தது. இந்தப் பருவத்தில் தேறிய எல்லாக் குழந்தைகளையும் அவர்கள் பார்த்திராத ஒரு புத்தகத்தில் மறுபடி சோதிக்க வேண்டும். அதுவரை யாருடைய தனி வகுப்பையும் நிறுத்தக்கூடாது. அவ்வளவுதான். என் தேர்ச்சியும் இதோடு போகும். மறுபடி அந்த பெஞ்சு, அந்த முட்டி வலி, அந்த அம்மையார். நினைத்தாலே அலுப்பாக இருக்கிறது.

பெயர் எழுதப் பேனாவைக் கொண்டுபோனேன். நின்றுவிட்டேன். பயமா? பயமும்தான், இல்லையென்று இந்த நோட்டில் எதற்குப் பொய்? ஆனால் அந்த அறைக்குள் இருந்தது இரண்டே பேர், அதில் ஒருத்திக்கு எழுதவே தெரியாது. யார் எழுதியது என்று கண்டுபிடிக்க அம்மையாருக்கு அரை நிமிடம் போதும். ஒளிந்துகொள்ள இடமில்லை.

காரணம் வேறு. என் பெயர் அடியில் இருந்தால் படிக்கிறவர் முதலில் அதைத்தான் படிப்பார். ‘ஓ, இந்த ஆளா? இவருக்கு அந்தம்மா மேல ரொம்ப நாளா காய்ச்சல்’ என்பார். கிழித்துப் போட்ட இரண்டு பக்கமும் அந்தப் பெயரோடு திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும். வாயாடி மறுபடி அடியில் போய்விடுவாள்.

மடித்து உறையில் போட்டேன். இவள் எட்டிப் பார்த்தாள்.

“பேர் போடலையா?”

“வேணாம். காலையில அப்படியே தபால்ல போட்டுடறேன்.”