சுவடியில் ஒரு ஓட்டை

அன்புள்ள பகைவனுக்கு,

"இந்த வீட்டுக்குள் கொண்டுவராதே" என்று தாய் மகனை அதட்டும் அந்தக் கிரேக்க நாடக வரியில், எதை என்று சொல்லும் இடத்தில் சுவடி ஓட்டையாகியிருந்தது. நீ "கோபம்" என்று நிரப்பினாய்; நான் "கண்ணீர்" என்றேன். மறுப்புக்கு மறுப்பு அச்சிட்டு, பதினேழு வருடம் கோட்டிங்கன் நகரில் ஒரே தெருவில் முகம் திருப்பி நடந்தோம்.

விடுபட்ட துண்டின் படம் இன்று பெர்லினிலிருந்து வந்தது. வெங்காயம்!

"ரெண்டு புரொபசரும் தப்பா? அப்பாடா, இனியாவது அவரைக் கூப்பிடுங்க!" என்று என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் நெஞ்சுப் பாரம் இறங்கியது.

உன் மனைவி ஹெட்விக்கை அடக்கம் செய்த அன்று, கல்லறை மதிலுக்கு வெளியே கடைசிவரை நின்றிருந்தேன்.

ஞாயிறு வா. என் மனைவி வெங்காய அப்பம் சுடுகிறாள். இந்த வீட்டுக்குள் வேறெதையும் கொண்டுவராதே.

உன் எதிர்வீட்டுக்காரன்