பூசணிக்காய்க்கு எண்ணெய் மாற்றிய வாரம்

மே 10, சனி

ஒரு பொய் சொல்லிவிட்டேன். சின்னப் பொய் இல்லை. நாலு சக்கரம் வைத்த பொய்.

இந்த நோட்டு ரத்த அழுத்தம் எழுதிவைக்கச் சொல்லி கிளினிக்கில் கொடுத்தது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு எழுதுகிற வேலை இதுதான். காலையில் 138/88. நான் வேலை பார்க்கிற தீவனக் கடைக்கு ரொவீனா வந்துபோன பிறகு 151/94. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்கிறார். உப்பு என்ன பாவம் செய்தது?

ரெண்டு மூட்டை ஓட்ஸ் வாங்கிக்கொண்டு நின்றவள் திடீரென்று கேட்டாள்.

"ஆர்லோ, அடுத்த சனிக்கிழமை பிஸ்கட்டை மலைக்கு அந்தப் பக்கம் ஹாஸ்கெல் பண்ணைக்குக் கூட்டிட்டுப் போகணும். அவனோட ஆண் குதிரையோட சேர்க்கறதுக்கு. உன் பிக்கப்ல என் ட்ரெய்லரை மாட்டி இழுத்துட்டு வர்றியா?"

பிஸ்கட் அவள் வளர்க்கிற பெண் குதிரை. என் காது கேட்கும் முன்பே வாய் சரி சொல்லிவிட்டது.

"ஏத்தம் பெருசுப்பா. இவ ஒருத்தியே அரை டன். உன் வண்டிக்கு கியர் ஆயில், டிஃபரன்ஷியல் ஆயில் எல்லாம் எப்ப மாத்தின?"

"போன மாசம்தான். எப்பவும் நானேதான் மாத்துவேன். வீட்டுலயே."

பத்தொன்பது வருஷமாக ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவள். கடைசி சீட்டுப் பையன்களைக் கண்ணாடியில் பார்ப்பாளே, அப்படி ஒரு பார்வை பார்த்தாள். "அப்ப சரி. பழைய எண்ணெயில ஓடற வண்டிக்குப் பின்னால என் பொண்ணை ஏத்த மாட்டேன். அதான் கேட்டேன்."

வண்டி வாங்கிப் பதினோரு வருஷம். இன்ஜின் ஆயில் மாற்றியிருக்கிறேன். டிஃபரன்ஷியல் எங்கே இருக்கிறது என்று தெரியும், பின் அச்சின் நடுவில் பூசணிக்காய் மாதிரி புடைத்துக்கொண்டிருக்கும். அதற்குள் எண்ணெய் இருக்கிறது என்பதே எனக்குப் போன வருஷம்தான் தெரியும்.

ஆறு வருஷமாக அவளைக் கேலி செய்துகொண்டே இருக்கிறேன். கேலி இல்லாமல் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஹாஸ்கெல் பண்ணை தொண்ணூறு மைல். தொண்ணூறு மைல் பக்கத்தில் உட்கார்ந்து வருவாள்! அதற்குள் ஒரே ஒரு கேள்வியை, சிரிக்காமல், நேராகக் கேட்டுவிட வேண்டும். அதற்கு வண்டி ஓட வேண்டும்.

மே 11, ஞாயிறு

எண்ணெய் வாங்கியாயிற்று. எழுத்துக் கூட்டிப் படித்துத்தான் வாங்கினேன். கடைக்காரப் பெண் கண்ணுக்கு மருந்து வேண்டுமா என்று கேட்டாள்.

மே 12, திங்கள்

வண்டியோடு வந்த கையேட்டை டேஷ்போர்டு அடியிலிருந்து எடுத்தேன். எலி எனக்கு முன்னாலேயே படித்து முடித்திருக்கிறது. கியர்பாக்ஸ் பக்கம் மிச்சம் இருக்கிறது. டிஃபரன்ஷியல் பக்கம் இருந்த இடத்தில் எலிக்கூடு.

மே 13, செவ்வாய்

கியர்பாக்ஸ் முடிந்தது! நானே! என் கையால்!

எதிர் வீட்டில் இருக்கிற ஐரிஸ் அக்காவிடம் புது ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை வாங்கி, பிரித்து, வண்டிக்கடியில் விரித்துப் படுத்தேன். என்ன சுகம். காற்று மேலே பிய்த்துக்கொண்டு போகிறது, கீழே நான் ராஜா மாதிரி. கியர்பாக்ஸில் ரெண்டு நட்டு. கீழ் நட்டு எண்ணெயை வடிக்க, மேல் நட்டு புதுசை ஊற்ற. கையேட்டில் 'மேல் நட்டை முதலில் கழற்றவும்' என்று போட்டிருந்தது. ஏன் என்று போடவில்லை. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவன் எதையாவது எழுத வேண்டுமே என்று எழுதியிருப்பான். சரி போ என்று அப்படியே செய்தேன்.

கொஞ்சம் சிந்திவிட்டது. சிந்தினால் உறிஞ்சிக்கொள்ள எல்லாரும் போடுவதுபோல் பூனைக்கு வைக்கிற மணலை மேலே கொட்டினேன். அக்காவின் பூனை ஜெனரல் வந்து பார்த்தது. இவ்வளவு பெரிய கக்கூஸ் அதன் வாழ்க்கையிலேயே பார்த்ததில்லை. என் காதுக்குப் பக்கத்திலேயே வேலையை முடித்துவிட்டு, மணலையும் மூடிவிட்டுப் போனது.

"டேய், எண்ணெய் நாத்தமா, பூனை நாத்தமா?" என்று அக்கா வேலியிலிருந்து கேட்டாள்.

"உன் தம்பி நாத்தம்க்கா."

"அது எனக்குத் தெரியாதா? எதுக்குடா இந்த வயசுல இதெல்லாம்?"

ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தேன். "ரொவீனாவா?" என்றாள். எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்களோ.

இரவு 132/84. நல்லவன் ஆகிவிட்டேன்.

மே 14, புதன்

பூசணிக்காய் நாள். வேலை விட்டு வந்ததும் பின்பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, பாட்டு பாடிக்கொண்டே உள்ளே போனேன். இதிலும் ரெண்டு நட்டு. நேற்றே தேறியவன் இல்லையா? கீழ் நட்டில் ஸ்பேனரை வைத்து ஒரே திருப்பு. வந்தது பாருங்கள், கறுப்பாக, ஜவ்வாக, அழுகின முட்டை நாற்றத்தோடு, பதினோரு வருஷ எண்ணெய். கடைசிச் சொட்டு வரை வடியவிட்டேன். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது! கீழ் நட்டின் காந்தத்தில் ஒட்டியிருந்த இரும்புப் பொடியைத் துடைத்து, பளபளவென்று திரும்ப மாட்டினேன்.

அப்புறம் மேல் நட்டில் ஸ்பேனரை வைத்தேன்.

வரவில்லை.

இன்னும் அழுத்தினேன். வரலை. காலை வெச்சு உதைச்சேன். ஸ்பேனர் வழுக்கிடுச்சு. நட்டோட மூலையெல்லாம் மழுங்கி உருண்டையா நிக்குது, பட்டாணி மாதிரி. அட மடையா. மேல் நட்டை முதல்ல கழட்டுன்னு எதுக்குச் சொன்னான்னு இப்ப தெரியுது. மேல திறக்கலைன்னா புதுசு ஊத்த வழியில்லை. பழசை வடிக்காம விட்டிருந்தா நாளைக்கு மெதுவா மெக்கானிக் கடை வரைக்குமாவது ஓட்டிட்டுப் போயிருக்கலாம். இப்ப பூசணிக்காய் காலி. நாலு அடி நகர்த்தினாலும் உள்ள பல்லெல்லாம் போயிடும்.

சனிக்கிழமைக்கு மூணு நாள் இருக்கு. அவகிட்ட என்னன்னு சொல்றது? போன மாசம் மாத்தின எண்ணெயை ஏன் இந்த மாசம் மாத்தினேன்னு சொல்றது?

162/99. நாற்றம் தலைமுடிக்குள் போய்விட்டது.

மே 15, வியாழன்

கடைக்குப் போனால் எல்லாரும் என்னைப் பார்த்து "மேல் நட்டு எப்படி இருக்கார்?" என்கிறார்கள். நேற்று என் புலம்பலைக் கேட்ட ஐரிஸ் அக்கா ஒரு ஆளிடம்தான் சொன்னாளாம். அந்த ஒரு ஆள் யார் என்று சாயங்காலம் தெரிந்தது. வாசலில் ரொவீனாவின் வண்டி வந்து நின்றது.

நான் வண்டிக்கடியில் இருந்தேன். அவளுடைய பூட்ஸ் மட்டும் தெரிந்தது.

"போன மாசம் மாத்தின எண்ணெய் எப்படிய்யா இருக்கு?"

"சுத்தமா இருக்கு," என்றேன். "ஒரு சொட்டுகூட இல்லை."

சிரித்தாள். பூட்ஸே குலுங்கியது. அப்புறம் அட்டைமேல் என் பக்கத்தில் மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்து வந்தாள். ஜெனரலின் மணலைச் சரியாகத் தாண்டி.

"கீழ் நட்டை முதல்ல திறந்தியா? எங்க ஷெட்டுல பஸ் கழுவற ஆளுக்குக்கூட இது தெரியும்."

"நான் பஸ் கழுவினதில்லையே."

பொருந்தாத ஒரு சின்ன சாக்கெட் ஸ்பேனரை எடுத்து, அந்தப் பட்டாணித் தலைமேல் சுத்தியலால் அடித்து ஏற்றினாள். கைப்பிடியில் நாலடிப் பைப்பைச் சொருகினாள். "நான் சொல்றப்ப இழு. ஒண்ணு, ரெண்டு..." மூன்று சொல்வதற்குள் துப்பாக்கி வெடித்தமாதிரி ஒரு சத்தம். நட்டு திரும்பிவிட்டது! நான் கத்திய கத்தலில் ஜெனரல் கூரைக்குப் போய்விட்டது. அவள் சட்டைப் பையிலிருந்து புது நட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். வருகிற வழியில் வாங்கி வந்திருக்கிறாள்.

நான் குழாயைப் பிடிக்க, அவள் பாட்டிலைப் பிழிய, ஓட்டையிலிருந்து எண்ணெய் வழிகிற வரை ஊற்றினோம். அவள் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. துடைக்கட்டுமா என்று கேட்க நினைத்து, "பொட்டு நல்லா எடுப்பா இருக்கு" என்றேன். பாவி வாய்.

வெளியே வந்து கை துடைக்கும்போதுதான் அவளுடைய வண்டியைப் பார்த்தேன். என்னுடையதைவிடப் பெரிய இன்ஜின். பின்னால் ட்ரெய்லர் மாட்டுகிற கொக்கி, புதுசாக மின்னுகிறது.

"ரொவீனா. இதுலயே பிஸ்கட்டை இழுத்துட்டுப் போகலாமே?"

"போகலாம்."

"அப்புறம் எதுக்கு என் வண்டியைக் கேட்ட?"

"அப்புறம் எதுக்கு நீ பொய் சொன்ன?"

ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் கையையே துடைத்துக்கொண்டிருந்தோம். ஏற்கெனவே சுத்தமாகிவிட்ட கை.

"சனிக்கிழமை ஏழு மணிக்கு வா," என்றாள். "குளிச்சிட்டு வா."

அழுத்தம் பார்க்கவில்லை. கருவி வெடித்துவிட்டால் கிளினிக்குக்கு யார் பதில் சொல்வது?

மே 16, வெள்ளி

மூன்று முறை குளித்தேன். இன்னும் நாறுகிறேன். என்னைப் போல் சந்தோஷமாக நாறுகிறவன் இந்த ஊரில் கிடையாது.

மே 17, சனி

ஏழு மணிக்குச் சொல்லியிருந்தாள், ஆறரைக்கே போய்விட்டேன். உதட்டில் சாயம் பூசியிருந்தாள். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக, கேலி இல்லாமல், "நல்லா இருக்க" என்றேன். அவள் "என்ன?" என்றாள். மறுபடியும் சொன்னேன். கையிலிருந்த கயிற்றை அப்படியே போட்டுவிட்டு, கோட்டை எடுத்து வருகிறேன் என்று வீட்டுக்குள் ஓடிப்போனாள். நான் ட்ரெய்லரை மாட்டினேன். அவள் வந்து பின்கதவைச் சாத்தினாள். நான் தாழ்ப்பாள் போட்டேன். கிளம்பினோம்.

வண்டி என்னமாய்ப் போயிற்று! ஒரு முனகல் இல்லை, ஒரு நடுக்கம் இல்லை. மலை அடிவாரத்தில் கேட்டுவிட்டேன்.

"ரொவீனா, நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?"

"முதல்ல மலை ஏறுய்யா."

ஏறினேன். கியரைக்கூடக் குறைக்காமல் ஏறினேன். உச்சியில் அவள் சன்னலைப் பார்த்துக்கொண்டே, "சரி" என்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, "அரை டன் குதிரையை இழுக்கறது தெரியவே இல்லையே. புது எண்ணெய்னா புது எண்ணெய்தான்" என்றாள். நானும் அதைத்தான் நினைத்தேன் என்றேன். இறக்கம் முழுக்க எண்ணெயைப் பற்றியே பேசிக்கொண்டு போனோம்.

ஹாஸ்கெல் வந்து பின்கதவைத் திறந்தான். கொஞ்சம் வைக்கோலும் ஒரு வாளியும் இருந்தன.

"மாப்பிள்ளை காலையிலேர்ந்து ரெடியா நிக்கிறான்," என்றான். "பொண்ணு எங்க?"

ஐரிஸ் அக்காவுக்குப் போன் செய்து, ரொவீனா வீட்டுக்குப் போய்ப் பார்க்கச் சொன்னோம். பிஸ்கட் வாசல் கேட் பக்கத்தில், கழுத்தில் கயிறோடு, புல் தின்றுகொண்டிருக்கிறதாம். நாளைக்கும் போகிறோம்.