அம்மிணி தப்ப

வரைபடம் அச்சடிக்கும் ப்ளாட்டரிலிருந்து இறங்கும் தாளில் ஈர மையின் வாசனை வரும், உங்களுக்குத் தெரியும். நேற்று வாசனை வந்தது, வீடு வரவில்லை. உங்கள் கொள்ளேகால் வீடு, நீங்களே உட்கார்ந்து வரைந்தது. கதவு இருக்கிறது, ஜன்னல் இருக்கிறது, அளவுகள் இருக்கின்றன. சுவர் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் வெளிறிய மஞ்சள் கோடு. தாளைச் சாய்த்துப் பிடித்தால்தான் கண்ணுக்கே தெரிகிறது. மனுஷன் போய்ச் சேர்ந்த பிறகும் தன் வேலையைக் காட்டுகிறாரே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

போன வாரம் உங்கள் மனைவி போன் செய்திருந்தார்.

"மாடி எடுக்கோணுங்க. ப்ளான் இல்லாம கை வெக்க மாட்டேன்னு மேஸ்திரி சொல்றாரு. அவரு கம்ப்யூட்டர்ல இருந்தத அனுப்பிவெக்கறேன், நீங்கதான் தாள்ல போட்டுக் குடுக்கோணும்."

கொள்ளேகாலிலேயே போட்டுக்கொள்ளலாமே என்றேன். "வீட்டு ப்ளான் எப்ப வேணும்னாலும் மைசூர் அம்மிணிகிட்டக் குடுன்னு சொல்லிட்டுப் போயிருக்காருங்க" என்றார். துக்கத்துக்கு நான் வராததைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுவும் எனக்கு உறுத்தியது. இத்தனை வருஷமாகப் பேச்சுவார்த்தையே இல்லாத என்னிடம் எதற்கு? இதில் என்ன உள்குத்து?

நான் சந்தேகப் பிராணி என்பது உங்களுக்குப் புதிதல்ல. தேதி பார்க்காமல் பால் பாக்கெட்டை வெட்ட மாட்டேன். பூட்டிய வண்டியைத் திரும்பிப் போய் ஆட்டிப் பார்த்துவிட்டு வருவேன். "மாப்பிள வீட்டுக்காரங்ககிட்ட ரேஷன் கார்டு கேட்டிருப்பீங்களே அம்மிணி" என்று நீங்கள் கேலி செய்ததுண்டு. கேட்கவில்லை. ஆனால் மாப்பிள்ளை வேலை பார்த்த ஆபீசுக்கு அப்பாவை அனுப்பி விசாரித்தேன், அதை உங்களிடம் சொல்லவில்லை.

சுவர் ஏன் வரவில்லை என்று பார்க்க உட்கார்ந்தேன். திரையில் நாம் கலர் கலராகக் கோடு போடுகிறோம். தாளில் எந்தக் கலர் எந்தத் தடிமனில் கறுப்பாக விழ வேண்டும் என்பதைச் சொல்ல ப்ளாட் ஸ்டைல் என்று தனி ஃபைல் ஒன்று வேண்டும். அது படத்தோடு தானாகப் போகாது. படம் அதன் பெயரை மட்டும் நினைவில் வைத்திருக்கும். ஃபைல் அந்தக் கம்ப்யூட்டரில் இல்லையென்றால் மஞ்சள் மஞ்சளாகவே தாளில் விழுந்து காணாமல் போகும். அப்படியானால் உங்கள் வீடு எந்த ஃபைலைத் தேடுகிறது என்று பிரிண்ட் ஜன்னலைத் திறந்தேன்.

'அம்மிணி தப்ப.'

அந்தப் பெயரை நான் மறக்கவில்லை.

நாம் வேலை பார்த்த மைசூர் விஜயநகர் ஆபீசில் தமிழ் பேசுகிறவர்கள் நாம் இருவர்தான், மேஜையும் பக்கத்துப் பக்கத்து மேஜை. நான் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள், என் தமிழில் பாதி கன்னடம். உங்கள் தமிழில் வாய்க்கு வாய் 'ஏனுங்கம்மிணி'. ஃப்ளாஸ்க், ஸ்கேல், கம்ப்யூட்டரில் நீங்கள் செய்து வைத்த ஃபைல், எல்லாவற்றுக்கும் தமிழில் பெயர் போடுவீர்கள். "தமிழ்ல பேரு இருந்தா ஒருத்தனும் தொட மாட்டான் அம்மிணி" என்பீர்கள். அங்கே வேறு யாருக்கும் அதைப் படிக்கத் தெரியாது.

சுவருக்கு மஞ்சள் போடுவது என் பழைய பழக்கம். மற்றவர்கள் சிவப்பு. ஆபீசின் பொது ஃபைலில் மஞ்சளுக்கு மெல்லிய கோடு என்பதால் என் சுவர்கள் பெரிய தாளில் நூலாக விழும். உன் சுவருக்குச் சாப்பாடே போடுவதில்லையா என்று சார் எல்லோர் முன்னாலும் கன்னடத்தில் கேட்பார். பாத்ரூமில் போய் அழுதிருக்கிறேன். பிறகு ஒரு கட்டத்தில் அந்தத் திட்டு நின்றது. என் படங்கள் கம்பீரமாக இறங்கின. கை தேறிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அப்புறம்தான் அந்தக் கல்யாண மண்டபம் வந்தது. முதல் முறையாக ஒரு முழு வேலை என் பொறுப்பில். கட்டுகிறவர்கள் காரிலேயே வைத்துப் பார்க்கச் சின்னத் தாளில் கேட்டார்கள். ப்ளாட்டர் உங்கள் கம்ப்யூட்டரோடு இணைந்தது, எல்லோர் படத்தையும் நீங்கள்தான் அடித்துக் கொடுப்பீர்கள். நீங்கள் மார்டள்ளியில் ஏதோ கல்யாணம் என்று லீவு. உங்கள் நாற்காலியில் நானே உட்கார்ந்து தாள் அளவை மட்டும் மாற்றி பிரிண்ட் கொடுத்து, உருளையாகச் சுற்றி சாரிடம் நீட்டினேன். மேஜையில் அவர் விரித்தபோது சுவரெல்லாம் அட்டைப்பூச்சி மாதிரி ஊதிக் கிடந்தது. மண்டபம் கட்டுகிற பெரியவர் விரலை வைத்து, கன்னடத்தில், "இதுல பாத்ரூம் எங்கம்மா, கரித்துண்டுதானே தெரியுது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கே சார் அந்த வேலையை என்னிடமிருந்து பிடுங்கி உங்கள் பெயரில் போட்டார்.

திரும்பி வந்து உங்கள் திரையைப் பார்த்தேன். என் படத்துக்கு மாட்டியிருந்த ஃபைலின் பெயர் 'அம்மிணி தப்ப'. என்ன நினைப்பேன்? அம்மிணிக்கு என்று தனியாக ஒரு தப்பு. பெயர் வைத்தே செய்திருக்கிறார், வைத்துவிட்டு லீவிலும் போய்விட்டார், வேலையும் அவர் கைக்கே போயிற்று. மறுநாள் நீங்கள் வந்து கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

"ஏனுங்கம்மிணி, சின்னத் தாள்லயா அடிச்சீங்க? என்கிட்ட ஒரு போன் போட்டிருக்கலாமே."

வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு உங்களோடு பேசவில்லை. அந்தப் பெயரை வாய்விட்டு உங்களிடம் ஒரு தடவை படித்துக் காட்டவும் இல்லை. கொஞ்ச நாளில் வேறு வேலைக்குப் போனேன், பிறகு சொந்தமாக இந்தச் சின்ன ஆபீஸ். நீங்கள் கொள்ளேகாலுக்கே திரும்பிப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். போன வருஷம் செய்தி வந்தபோது, பஸ் ஏறலாமா என்று காலையெல்லாம் யோசித்து, ஏறவில்லை.

நேற்று உங்கள் மனைவியிடம் கேட்டு உங்கள் பழைய ஃபைல்கள் முழுவதையும் வாங்கினேன். வீட்டுக்கு உதவ மட்டும் இல்லை, உங்களைக் கையும் களவுமாகப் பிடிக்கவும்தான். 'அம்மிணி தப்ப' இருந்தது. அதன் பக்கத்திலேயே நான் பார்த்திராத இன்னொன்று: 'அம்மிணி சண்ண'. சண்ணவா? தமிழில் அப்படி என்ன சொல்? சண்டை என்று எழுத வந்து பாதியில் விட்டாரா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் தெருவில் காய்கறி வண்டி வந்தது. ஸ்பீக்கரில் வழக்கமான கூவல். ஈருள்ளி, ஆலுகட்டே, தப்ப மெணசினகாய்.

குடைமிளகாய்க்கு இந்த ஊரில் அதுதானே பெயர். தசரா என்று எழுதிவிட்டு வாயில் எப்படிச் சொல்கிறோமோ, அந்தத் 'த'. கன்னடத்துத் தப்ப. தடிமன். சண்ண என்றால் மெல்லிசு. மளிகைக் கடையில் சண்ண அக்கியா தப்ப அக்கியா என்று நானே கேட்டு அரிசி வாங்குகிறவள். ஐயோ மனுஷா, கன்னட வார்த்தையைத் தமிழ் எழுத்தில் யாராவது எழுதி வைப்பார்களா?

அப்போதும் நான் உங்களை நம்பவில்லை. இரண்டு ஃபைலும் எப்போது உருவானவை என்று பார்த்தேன். தப்ப, மண்டபம் ஆபீசுக்கு வருவதற்கு வெகு முன்னால், சார் என் சுவரைத் திட்டுவதை நிறுத்திய அதே மாதத்தில். பெரிய தாளுக்காக என் மஞ்சளை மட்டும் தடிமனாக்கி, என்னிடம் சொல்லாமலே மாட்டியிருக்கிறீர்கள். தாள் சின்னதானாலும் கோடு சின்னதாகாது, அதனால்தான் அன்றைக்கு அப்படி ஊதிப்போனது. சண்ண, மண்டபத்துக்கு அடுத்த வாரம். சின்னத் தாளுக்கு. அப்போது உங்கள் முகத்தைக்கூட நான் பார்ப்பதில்லை. பேசாமல் இருந்தவளுக்காக உட்கார்ந்து செய்திருக்கிறீர்கள். அதை நான் ஒரு தடவைகூடப் பயன்படுத்தவில்லை. இதை எழுதும்போது அழுகை வருகிறது, கோபமும் வருகிறது. வாயைத் திறந்து சொல்லித் தொலைத்திருக்கலாமே.

இன்னும் ஒரு சந்தேகம் பாக்கி. உங்கள் கோடு எப்போதும் சிவப்பு. உங்கள் சொந்த வீட்டுச் சுவருக்கு மட்டும் ஏன் மஞ்சள்? என் கலரில் வரைந்து, என் பெயர் போட்ட ஃபைலை மாட்டி, இதை மைசூர் அம்மிணியிடமே கொடு என்று சொல்லிவிட்டுப் போனது ஏன்? சும்மா நடந்தது என்று நான் நம்பத் தயாராக இல்லை. இது நீங்கள் வைத்த பொறி, நான் வந்து விழுந்தேன்.

மேஸ்திரிக்குப் பெரிய தாளில் தப்ப மாட்டி அடித்தேன். சுவர்கள் நிமிர்ந்து நிற்கின்றன. உங்கள் மனைவி பீரோவில் வைத்துக்கொள்ளச் சின்னத் தாளில் சண்ண மாட்டி ஒன்று. பாத்ரூம் தெளிவாகத் தெரிகிறது. தபாலில் வேண்டாம், நானே ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன் என்று போனில் சொன்னேன். "வாங்கம்மிணி" என்றார்.

இரண்டு ஃபைலும் இப்போது என் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. பெயரை மாற்றவில்லை. என் ஆபீசில் வேலை செய்கிற பெண்ணுக்குத் தமிழ் படிக்க வராது. இது என்ன மேடம், டெலிட் பண்ணிடவா என்று காலையில் கன்னடத்தில் கேட்டாள். தொடாதே என்றேன். அர்த்தம் கேட்டாள். தடிமன் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்தினேன். தமிழ் எழுத்தைத் தமிழாகவே படித்தால் அது தடிமனும் இல்லை, தப்பும் இல்லை. தப்ப என்றால் தப்பிக்க. அம்மிணி தப்பிக்க.