வேலிக்கு இந்தப் பக்கத்துப் புல்

மார்ச் 3, செவ்வாய்

பதினொன்றாம் குழிக்குப் பக்கத்தில் முயல்கள் மறுபடியும் தோண்டியிருக்கின்றன. மூடிவிட்டு வந்தால், எங்கள் கிளப் செயலாளர் காத்திருந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் புது கோல்ஃப் மைதானத்தைச் சுற்றிப் பார்த்து, நம்முடையதோடு ஒப்பிட்டு நான் அறிக்கை எழுத வேண்டுமாம்.

"நம்மளும் அது மாதிரி ஆகணும்ல? மேடெல்லாம் சமமாக்கணும். நீங்களே எழுதினா உறுப்பினருங்க ஒத்துக்குவாங்க."

பத்தொன்பது வருடமாக இந்தப் புல்லைப் பார்த்துக்கொள்கிறவள் கையாலேயே அதற்குக் குழி பறிக்கச் சொல்கிறார்.

மார்ச் 5, வியாழன்

இங்கே புல் பராமரிப்புக்குத் தலைமை நான் என்றால், அங்கே என் அக்கா வீட்டுக்காரர்தான். அத்தான் வண்டியில் ஏற்றிச் சுற்றிக் காட்டினார். அழகுதான், பொய் சொல்ல மாட்டேன். கம்பளம் விரித்த மாதிரி ஒரே பச்சை. வெட்டி வைத்த குளங்கள் நான்கு. மணலைக்கூடச் சலித்துப் போட்டிருக்கிறார்கள். பந்து விழுந்த இடத்திலேயே நிற்கிறது. எங்கள் மேட்டில் விழுந்த பந்து எங்கே போகும் என்பது அந்த மேட்டுக்கே தெரியாது.

"எப்படி இருக்கு?" என்றார்.

"கல்யாண ஃபோட்டோ மாதிரி இருக்கு அத்தான். ஒருத்தர்கூட இயல்பா நிக்கல."

மார்ச் 6

தண்ணீர் தெளிப்பான்களை எண்ணினேன். அங்கே அறுநூற்றிருபது. இங்கே நாற்பது.

மார்ச் 9, திங்கள்

இன்று அங்கே விளையாடியும் பார்த்தேன். வழக்கத்தைவிட எட்டுத் தடவை குறைவாகவே பந்தை அடித்து முடித்துவிட்டேன்; இந்த ஆட்டத்தில் குறைந்தால்தான் கெட்டிக்காரி. ஆனால் நானா கெட்டிக்காரி? மைதானம் என்னைத் தாங்கித் தாங்கி அழைத்துப் போனது. வீட்டுக்கு வந்து யோசித்தால் ஒரு குழிகூடத் தனியாக நினைவில் இல்லை. எங்கள் ஏழாம் குழியில் எதிர்க்காற்றுக்குப் பயந்து பந்தைத் தரையோடு உருட்டி மேடேற்றிய நாளெல்லாம் நினைவிருக்கிறது — இதையெல்லாம் அறிக்கையில் எழுதலாமா? எழுதுவேன்.

மார்ச் 13

அறிக்கை கொடுத்தாயிற்று. ஐந்து பக்கத்தில் இரண்டு மைதானங்களின் நிறை குறை. ஆறாவது பக்கத்தில் என் முடிவு: மேடுகளைத் தொடக் கூடாது.

மார்ச் 17, செவ்வாய்

உறுப்பினர்களுக்குப் போன நகலில் ஐந்து பக்கம்தான் இருக்கிறது! அடியில் என் பெயர் மட்டும் பத்திரமாக. கேட்டதற்கு, "ஆறாவது பக்கம் உங்க சொந்தக் கருத்து" என்கிறார் செயலாளர்.

என்ன நினைச்சிட்டாங்க என்னைய? புல்லு வெட்டுறவளுக்கு வாய் கிடையாதுன்னா?

"வேலைக்கு ஏதாவது ஆயிடப்போகுது" என்றார் என் வீட்டுக்காரர். ஆகட்டும் என்றேன். சட்டையை மாட்டிக்கொண்டே, "அந்தப் பக்கத்தை எத்தனை நகல் எடுக்கணும்?" என்று கேட்டார். அதுதான் அவர்.

மார்ச் 21, சனி

உறுப்பினர் கூட்டம். நகல்களை நாற்காலிதோறும் வைத்துவிட்டு, எழுந்து வாசித்தேன்.

"உட்காருங்க" என்றார் செயலாளர்.

"ஒரு பக்கம்தான் சார். முடிச்சிட்டு உட்கார்றேன்."

தொடர்ந்து வாசித்தேன்: 'பக்கத்து மைதானம் உங்களைக் கெட்டிக்காரர் என்று நம்ப வைக்கும். நம்முடையது, உனக்கு என்ன தெரியும் என்று கேட்கும். வேலிக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான் என்றால், நீங்கள் ஏன் இந்த வாசலுக்கு வர வேண்டும்?'

முன்வரிசையில் இருந்த சிடுசிடு டாக்டர் எழுந்தார். "அந்த ஏழாம் மேட்டைத் திட்டாம நான் வீட்டுக்குப் போனதே இல்ல. அதை எடுத்துட்டா அப்புறம் யாரைத் திட்டுறது?"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. வாக்கெடுப்பு: மேடுகள் இருக்கட்டும் என்று எழுபத்தொன்று. இடிக்கலாம் என்று ஐம்பத்தெட்டு.

மார்ச் 23

தலைமைப் பொறுப்பிலிருந்து நீக்கிக் கடிதம். ஒழுங்கீனமாம். இனி புல் வெட்டும் வேலை மட்டும், பிடிக்காவிட்டால் போகலாம். போய்விடுவேன் என்று நினைத்துத்தான் எழுதியிருக்கிறார்கள். போக மாட்டேன்.

ஏப்ரல் 20, திங்கள்

புதுத் தலைவர் வந்துவிட்டார். அத்தான்! என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் விண்ணப்பம் போட்டிருக்கிறார். அக்காவும் மூச்சு விடவில்லை. முகம் கொடுத்துப் பேசக் கூடாது என்றுதான் போனேன்.

கொட்டகை வாசலில் நின்றார். "சொல்லியிருந்தா நீ விட்டிருப்பியா? அங்க ஒரே பச்சையைப் பார்த்துப் பார்த்துக் கண்ணு பூத்துப்போச்சு. ஆனா இங்க எந்த மேட்டுல புல்லை எவ்வளவு விடணும்னு எனக்குத் தெரியாது. நீ சொல்லு, நான் கையெழுத்துப் போடறேன்."

வெட்டும் இயந்திரத்தின் கத்தியை இரண்டு படி உயர்த்தி, அவர் பார்த்துக்கொள்ளும்படி ஒரு கணம் அப்படியே பிடித்தேன். பிறகு ஏழாம் மேட்டுக்கு ஓட்டினேன். அத்தான் பின்னாலேயே நடந்து வந்தார்.