பிளாஸ்க்கை உடைத்தது நான்தான்

மகளுக்கு,

இந்தக் காலத்துப் பிள்ளைகள் முகத்துக்கு நேரே எதையும் கேட்பதில்லை. நேராக மேலிடத்துக்கே போய்விடுகிறார்கள்.

நேற்று உன் பிளாஸ்க்கை உடைத்தது நான். கழுவும்போது கை நழுவிவிட்டது. உன் பெரியவன்தான் உடைத்தான் என்று நினைத்து நீ அவன் முதுகில் ஒன்று வைத்தாய். நான் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். நான் உடைத்ததைப் பார்த்தவன் அவன், ஆனாலும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

இன்று காலை பிள்ளைகளுக்கு ரொட்டியும் முட்டையும் வைத்தேன். பெரியவன் தொடாமல் கண்ணை மூடிக்கொண்டான்.

"இயேசப்பா, தாத்தாவுக்கு உண்மையைச் சொல்லப் பயமா இருக்கு. அவரை அடிச்சிடாதீங்க. அம்மா என்னை அடிச்சதே போதும்."

சின்னவள் ஒற்றைக் கண்ணால் முட்டையைப் பார்த்துக்கொண்டே ஆமென் போட்டாள்.

"யாருடா சொல்லிக்கொடுத்தது, உங்கம்மாவா?" என்று அதட்டினேன்.

"யாரும் இல்ல தாத்தா, நானாத்தான் கேட்டேன்" என்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் பாட்டுக்கும் பிஸ்கட்டுக்கும்தான் போகிறார்கள், உள்ளே ஒன்றும் இறங்காது என்று உன்னோடு சண்டை போட்டேன். இறங்கித்தான் இருக்கிறது. அது நல்லதா கெட்டதா என்று யோசிக்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவனைக் கூப்பிட்டு, உடைத்தது தாத்தா என்று சொல். நானே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

பின்கதவுச் சாவி அரிசி டப்பா மேல் இருக்கிறது. கேஸ்காரன் வந்தால் காலி சிலிண்டரைக் கொடு.

இடம் இல்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: ஆமென் போட்ட பிறகு சின்னவள் என் தட்டுக்கும் சேர்த்து ஒரு ஜெபம் பண்ணினாள். அதற்குப் பிறகும் முட்டையில் உப்பு குறைச்சல்தான். நான் பட்டறைக்குப் போகிறேன்.