அம்மா கேட்ட பூ

9-6-2009, செவ்வாய்

வெயில் கொளுத்துகிறது. அச்சகத்தில் இரண்டு முறை கரண்ட் போனது. இன்று எழுதி முடித்தவை: நெய்வேலிக் கல்யாணத்துக்கு வாழ்த்து மடல், ஒரு காதுகுத்துப் பத்திரிகை, ஒரு கண்ணீர் அஞ்சலி. அஞ்சலிக்கு வழக்கம்போல் "மண்ணை விட்டு மறைந்தாலும்" என்று ஆரம்பித்து நிறுத்தினேன். இறந்தவர் பரோட்டா மாஸ்டராம். "ஊரைப் பசியாற்றிய கைகள்" என்று போட்டேன். மகன் படித்துவிட்டு வாசலில் நின்று அழுதார். நான் நன்றாக எழுதுகிறேன். வெளியே சொன்னால் திமிர் என்பார்கள், இங்கே சொல்லலாம்.

செந்தில் போன் செய்தார். சிதம்பரத்தில் மோட்டாருக்குச் செப்புக்கம்பியில் காயில் கட்டும் கடை அவருடையது. போன வருஷம் அவர் அப்பாவின் கருமாதிப் பத்திரிகைக்காக வந்தவர், நான் எழுதியதைப் படித்துவிட்டு, "எங்கப்பா இவ்ளோ நல்லவரு இல்லீங்க, கொஞ்சம் கொறைச்சிக்குங்க" என்றார். அங்கேயே விழுந்துவிட்டேன்.

அவருக்குக் கட்டிக்கொடுக்க அம்மாவுக்குத்தான் மனசில்லை. என்னைவிட அவர் இரண்டு வயது சின்னவர், ஜாதகமும் சரியில்லையாம்.

"எனக்கு முப்பத்தி நாலும்மா."

"இருக்கட்டும்டி. வெள்ளிக்கெழம மாரியம்மன்கிட்ட பூ கேப்போம். வெள்ள வந்தா கட்டிக்க. செவப்பு வந்தா அதோட பேச்ச வுட்டுடணும்."

சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

11-6, வியாழன்

வாங்க வேண்டியது: சூடம், நல்லெண்ணெய், ஊக்கு, தலைவலித் தைலம்.

செந்திலிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"செவப்பு வந்துட்டா?"

"வராது."

பொட்டலம் கட்டப்போவது நான், எடுக்கப்போவது அம்மா. இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை நந்தியாவட்டையை வைத்துவிட்டால் யாருக்குத் தெரியும்? பத்து நிமிஷம் யோசித்தேன். வேண்டாம். ஊரில் யார் யார் கல்யாணத்துக்கோ "இறைவன் இணைத்த இதயங்கள்" என்று எழுதிக் கொடுக்கிறேன். எனக்கென்றால் மட்டும் நம்பமாட்டேனா? வெள்ளைதான் வரும்.

12-6, வெள்ளி

கோயிலில் நல்ல கூட்டம். ஒரு பொட்டலத்தில் நந்தியாவட்டை, இன்னொன்றில் செவ்வரளி. பூசாரி குலுக்கிப் போட்டார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு நின்றாள், பிறகு ஒன்றை எடுத்தாள்.

அரளி.

"ஆத்தா சொல்லிட்டா, அப்புறம் என்ன" என்றார் பூசாரி. அம்மா அரளியை முந்தானையில் முடிந்துகொண்டு முன்னால் நடந்தாள். நான் பின்னால் போனேன்.

அச்சகத்தில் புவனகிரிக்காரர்களின் வாழ்த்து மடல் பாக்கி. எழுதினேன். அருமையாக வந்தது, அதுதான் ஆத்திரம். பேப்பர் கட்டுகளுக்குப் பின்னால் நின்று அழுதேன். முகம் கழுவிவிட்டுச் செந்திலுக்குப் போன்.

"செவப்பு வந்துடுச்சிங்க."

"சாப்டீங்களா?" என்றார்.

வாக்கு வாக்குதான். திருட்டுத்தனம் செய்திருக்கலாமே என்று இப்போதும் தோன்றவில்லை. விதி இதுதான் என்றால் ஏற்றுக்கொள்கிறேன். சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொள்வேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. அவர் வேண்டும் எனக்கு. அவ்வளவுதான்.

நானும் அம்மாவும் சாப்பிடவில்லை. குழம்பு வீணாய்ப் போயிற்று.

13-6, சனி

காலையில் லேசான தூறல். அம்மா கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"அந்தப் புள்ளைய நாளைக்கு வரச் சொல்லு."

"எதுக்கு? செவப்புதான வந்துச்சி?"

"பூ எடுக்கறவ மனசுல நெனைக்கிறதுதான்டி கேள்வி. இவளத் தடுக்கட்டுமா தாயேன்னு கேட்டேன். செவப்பு வந்துச்சி. தடுக்காதேன்னு அர்த்தம்."

"இத நேத்தே சொல்றதுக்கு என்னா?"

"நேத்து யோசிச்சிக்கிட்டு இருந்தேன்."

கேட்டதைச் சொல்ல ஒரு நாள் யோசிப்பானேன்? நான் கேட்கவில்லை. கத்தரிக்காயில் பூச்சி இருக்கிறதா என்று அவள் ரொம்பக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வீட்டில் இட்டுக்கட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று இத்தனை நாள் நினைப்பு எனக்கு.

செந்திலுக்குப் போன் அடித்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.